பச்சை அலமாரியில் இருந்த பாஸ்போர்ட்

நசீமா,

இந்தக் கவரில் உன் பாஸ்போர்ட் இருக்கிறது. கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் அதை எடுத்து உன் கைப்பையில் வை. வைத்துவிட்டாயா? இனி அதை யார் கேட்டாலும் கொடுக்காதே, நான் கேட்டாலும் சேர்த்துத்தான். இப்போது உண்மையைச் சொல்கிறேன். அது இமிக்ரேஷனில் இல்லை. ஒரு நாள்கூட அங்கே போகவில்லை. உன் விசா முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, அந்தப் பக்கத்தைத் திருப்பினால் தேதி தெரியும். பத்து நாளாக உன் பாஸ்போர்ட் ஹோட்டலில் என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பச்சை இரும்பு அலமாரியில், இரண்டாவது தட்டில் இருந்தது. வைத்தவன் நான். "விசா ரினியூவலுக்குக் கொடுத்திருக்கேன், வந்துடும்" என்று தினமும் உன்னிடம் பொய் சொன்னவனும் நான்தான்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முயன்றேன் மகளே, முடியவில்லை. நேற்று மத்தியானம் நீ டாக்ஸி பிடித்து என் ஆபீசுக்கே வந்தாய். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னைக்காவது வந்துச்சா வாப்பா?" என்று கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன். "பரவாயில்ல வாப்பா. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பாக்குறேன். இல்லாட்டி சென்னைக்கு, அந்த டிவிக்காரங்களுக்கு போன் போட்டு, என்னால வர முடியாதுன்னு சொல்லிடுறேன்" என்றாய். கோபப்படவில்லை. எனக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டதுபோல் சிரித்துவிட்டுப் போனாய். நீ நின்ற அதே இடத்தில், அதே மாதிரி கையை ஊன்றிக்கொண்டு, எட்டு வருடம் முன்பு ஒரு பெண் நின்றாள். அவளிடமும் இதே பொய்யைத்தான் சொன்னேன். அவளை உனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு நான் செய்ததை நீயும் உன் உம்மாவும் இன்றுவரை அறியமாட்டீர்கள். இப்போது மணி ஒன்றரை. நாலு மணி வரை ஆபீஸ் மூடியிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, ஹோட்டல் பேர் போட்ட தாளிலேயே எழுதுகிறேன்.

அனேலியை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது ஏழாம் வகுப்பு. பால்டிக் கடலோரத்தில் ஒரு சின்ன நாட்டிலிருந்து, கீபோர்டு வாசிக்கும் ஒருவரோடு, நம் அல் ஐன் ஹோட்டலில் பாட ஒரு வருட காண்ட்ராக்டில் வந்தாள். வாரத்தில் ஆறு நாள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பாட்டு. அவளுக்கு விசா எடுத்தது, மெடிக்கலுக்குக் கூட்டிப்போனது எல்லாம் நான். பி.ஆர்.ஓ. வேலை என்றால் அதுதானே. ஆள் வந்து இறங்கிய மறுநாளே பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் அதில் சேர்த்தி. அப்படி வைக்கக்கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். எல்லாக் கம்பெனியும் வைத்தது, எங்கள் கம்பெனியும் வைத்தது. பாத்திரம் கழுவுகிறவரிலிருந்து மேனேஜருக்கு அடுத்த ஆள் வரைக்கும் எல்லார் பாஸ்போர்ட்டும் அங்கே இருந்தது. என்னுடையதும் அங்கேதான்.

என்னுடையதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன் தாத்தா, அதாவது என் வாப்பா, மவுத்தான செய்தி வந்தபோது நீ கைக்குழந்தை. அலமாரிச் சாவி என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பாஸ்போர்ட் வெளியே போக மேனேஜர் கையெழுத்து வேண்டும். அவர் துபாய்க்குப் போயிருந்தார். நான் ஒன்றரை நாள் காத்திருந்தேன் நசீமா. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் அலமாரி. திறந்து எடுத்துக்கொண்டு போயிருந்தால் யாரும் என் கழுத்தை வெட்டியிருக்கமாட்டார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவு பழகிப்போயிருந்தது. எப்படியும் ஜனாஸா அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஊர்ப் பள்ளிவாசல் மையவாடியில் மண் காய்ந்த பிறகுதான் போய் நின்றேன். அதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் என் பாஸ்போர்ட்டை நானே கொண்டுபோய் அதே தட்டில் வைத்தேன்.

அனேலி பெரிய பாடகி ஒன்றும் இல்லை, அதை அவளே சொல்வாள். ஐரோப்பாவில் நாடுகள் எல்லாம் சேர்ந்து வருடம் ஒருமுறை பாட்டுப் போட்டி நடத்துகிறார்கள் அல்லவா, அதில் பாட வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிவாதம். முதலில் ஒவ்வொரு நாடும் தனக்குள்ளே ஒரு போட்டி வைத்து ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பாட்டுதான் பெரிய மேடைக்குப் போகும். அவள் நான்கு வருடம் தொடர்ந்து பாட்டு அனுப்பி, நான்கு வருடமும் முதல் வடிகட்டலிலேயே போய்விட்டாள். ஐந்தாவது பாட்டை அல் ஐனுக்கு வருவதற்கு முன்னால் அனுப்பிவிட்டு வந்திருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு ஃபேக்ஸ் வந்தது. அவள் நாட்டு இறுதிச் சுற்றுக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், பத்து நாளில் அங்கே இருக்க வேண்டும். அந்த ஃபேக்ஸை முதலில் கையில் எடுத்தவனே நான்தான். அவள் அதை வாசித்துவிட்டு என் மேசையைச் சுற்றி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சீசன் நேரம், ரூம் எல்லாம் நிரம்பியிருக்கிறது, பாட ஆள் இல்லாமல் முடியாது. "மாஃபி, முடியாது. இமிக்ரேஷன்ல இருக்குன்னு சொல்லு. பத்து நாள் இழுத்துட்டா கலாஸ், முடிஞ்சுது" என்றார். நான் சரி சார் என்றேன். இமிக்ரேஷனில் இருக்கிறது என்பது எத்தனையோ பேரிடம் நான் சொன்ன வார்த்தைதான். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டவர், பொண்டாட்டிக்குப் பிரசவம் என்று வந்தவர், எல்லாரும் அதை நம்பித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். அனேலி நம்பவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு வந்து கவுண்டரில் கையை ஊன்றி நின்றாள். "மிஸ்டர், பாஸ்போர்ட்?" நான், "மேடம், இமிக்ரேஷன்." ஆறாம் நாள் லாபியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரி என் முதுகுக்குப் பின்னால். எழுந்து ஏசியைக் கூட்டி வைத்தேன்.

இனி நான் சொல்லப்போவது உனக்கு வலிக்கும். ஒருநாள் சாயந்தரம் ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஹோட்டலுக்கு வந்தாயே, உம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால். ரெஸ்டாரண்டில் ஒரு ஈ காக்கை இல்லை. தினமும் நாலு மணிக்கு மைக் சரிபார்க்க வருகிற அனேலி அன்றைக்கு மேடையில் போடும் வெள்ளி நிற கவுனைப் போட்டுக்கொண்டு, தலை சீவி, உதட்டுச்சாயம் பூசி வந்தாள். அவள் பாஷையில் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினாள். நீ மட்டும் கை தட்டினாய். அவள் குனிந்து உனக்கு வணக்கம் சொன்னாள். அந்தச் சாயந்தரத்தை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! "அனேலி ஆன்ட்டி எனக்காகவே டிரெஸ் பண்ணிட்டு வந்து பாடுனாங்க. அன்னைக்குத்தான் எனக்குப் பாடணும்னு ஆசை வந்துச்சு." போன மாதம் சென்னை டிவிக்காரர்கள் பாட்டுப் போட்டிக்காக துபாயில் நடத்திய தேர்விலும் நீ இதைத்தான் சொன்னாய் என்று உம்மா சொன்னாள். மகளே, அன்றைக்குத்தான் அவள் நாட்டில் அந்த இறுதிச் சுற்று. அங்கே மேடையில் பாட வேண்டிய பாட்டைத்தான் அவள் இங்கே காலி நாற்காலிகளுக்குப் பாடினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். குரல் எங்கேயும் உடையவில்லை. பாடி முடித்ததும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மைக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

காண்ட்ராக்ட் முடிந்து போகும்போது பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தேன். அவள் நின்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். விசாவில் அவள் வந்தபோது அடித்த முத்திரைதான் இருந்தது, புதிதாக எதுவும் இல்லை. "இங்கேதான் இருந்துச்சு" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் குனிந்து ரசீதில் கையெழுத்து போடும் இடத்தைக் காட்டினேன்.

மூன்று வருடம் கழித்து நீ பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அவளை டிவியில் பார்த்தோம். பெரிய போட்டி முடிந்த மறுநாள் மத்தியானம் டிஷ்ஷில் மறுஒளிபரப்பு. "உம்மா, ஓடி வாங்க, அனேலி ஆன்ட்டி!" என்று நீ கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். எட்டாவது முறை, ஏழாவது முறை, எத்தனையாவது முறை முயன்றாளோ, கடைசியில் அவள் நாடு அவளை அனுப்பியிருந்தது. ஒவ்வொரு நாடும் கொடுத்த மதிப்பெண்ணை நீ நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாய். எழுத ரொம்ப வேலை இருக்கவில்லை, கடைசிக்கு முந்தின இடம் அவளுக்கு. நீ அழுதாய். கேமரா காட்டியபோது அவள் தோளில் கொடியைப் போர்த்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் டீ போடுகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்குமா? அன்றைக்கு உங்கள் யாருக்கும் டீ வரவில்லை. அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு அவள் கப்பல்களில் பாடினாள், கல்யாண வீடுகளில் பாடினாள், மறுபடியும் அந்தப் போட்டிக்குப் பாட்டு அனுப்பித் தோற்றாள். இரண்டு வருடம் முன்பு இந்த ஹோட்டலுக்கே ஒரு வார நிகழ்ச்சிக்கு வந்தாள். உன்னிடம் நான் சொல்லவில்லை, நீ பார்க்க வந்தால் பேச்சு எங்கே போகுமோ என்ற பயம். அவள் அனுப்பிய காண்ட்ராக்டில் ஒரு வரியைக் கையாலேயே எழுதிச் சேர்த்திருந்தாள்: பாஸ்போர்ட் பாடகியின் கையிலேயே இருக்கும். கம்பெனி சார்பாக அதில் கையெழுத்துப் போட்டது நான். வந்ததும் வராததுமாக, "மிஸ்டர் பாஸ்போர்ட்! இன்னும் இங்கேயா இருக்கீங்க?" என்று சிரித்தாள். நான் அவளை உட்காரச் சொல்லி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அன்று செய்தது தப்பு, மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "அந்த வருஷம் போயிருந்தா கண்டிப்பா தோத்திருப்பேன். பாட்டு ஒண்ணும் பெரிய பாட்டு இல்ல. ஆனா அது நான் போய்த் தோக்க வேண்டியது. நீங்க எடுத்து உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க. பெரிய மேடையில கடைசிக்கு முந்தி வந்தேனே, அது எனக்கு வலிக்கல. இதுதான் இன்னைக்கும் வலிக்குது." மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. டீ வாங்கித் தரச் சொன்னாள். குடித்துவிட்டு, "அன்னைக்குக் கை தட்டுச்சே ஒரு பொண்ணு, எப்படி இருக்கு? பாடுதா?" என்று கேட்டாள். பாடுது மேடம் என்றேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் உன் பாஸ்போர்ட்டை எடுத்து அதே தட்டில் வைத்தேன் பார், அதுதான் எனக்கே தாங்கவில்லை. துபாய் தேர்வுக்கு உன்னை அனுப்பியதே, எடுக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். எடுத்துவிட்டார்கள். அதே வாரம் உன் மாமா அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். நல்ல குடும்பம், துபாய் தேராவில் இரண்டு கடை. "டிவியில பாடப் போகுதுன்னு தெரிஞ்சா கை நழுவிடும் மச்சான், ஒரு மாசம் புள்ளைய எப்படியாவது பிடிச்சு வைங்க" என்றார். பிடித்து வைப்பதற்கு எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, எந்த மேனேஜரும் உத்தரவு போடவில்லை. நீ என் ஸ்பான்சரில் இருக்கிறாய், அதனால் உனக்கு நானே பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கும் கபீல் ஆகிவிட்டேன். அனேலியாவது என்னை நம்பாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நீ பரவாயில்ல வாப்பா என்றாய். அந்த ஒரு வார்த்தை நேற்றிலிருந்து என்னை உட்காரவிடவில்லை.

இன்று காலை உன் மாமாவுக்கு போன் போட்டேன். பெண் பாடுவாள், தெரிந்து வருகிறவர்கள் வரட்டும், இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சலாம் சொல்லிவிடுங்கள் என்றேன். பள்ளிவாசல்ல நாலு பேரு என்ன பேசுவாங்க மச்சான் என்றார். பேசட்டும், நான்தான் அங்கே ஐந்து வேளையும் போகிறவன், நான் கேட்டுக்கொள்கிறேன். பாடுவதற்கு அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வாய் என்றும் கேட்டார். பத்து நாள் பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிக்கொள்கிறேன், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று போனை வைத்தேன். உம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "புள்ளகிட்ட போய் பொய் சொல்வீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் கிளம்பும்போது உன் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஷார்ஜாவிலிருந்து நாளை வியாழன் மத்தியான விமானம். டிக்கெட்டும் இந்தக் கவரில் இருக்கிறது. நீ சென்னைக்கு போன் போடத் தேவையில்லை.

போகிற இடத்தில் சில விஷயம் பார்த்து நடந்துகொள். டிவிக்காரர்கள் ஒரிஜினல் பாஸ்போர்ட் கேட்டால் ஜெராக்ஸ் கொடு, கவரில் ஐந்து காப்பி வைத்திருக்கிறேன். காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் கடைசி வரிவரை படி. கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தை இரண்டு தடவை படி, அதை அங்கே போடுவதே என்னை மாதிரி ஆட்கள்தான். ஒத்திகையில் முன்னால் ஒருவரும் இல்லை என்று குரலை மிச்சம் பிடிக்காதே, காலி நாற்காலிக்கு எப்படிப் பாட வேண்டும் என்று நீ கண்ணால் பார்த்தவள். இன்னொன்று, குடும்பக் கதை சொல்லச் சொல்வார்கள். வாப்பா பாலைவனத்தில் வெயிலில் கஷ்டப்படுகிறார் என்று பின்னால் சோக இசை போட்டு உன்னை அழவைக்கப் பார்ப்பார்கள். வாப்பா ஏசி ரூமில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பிறர் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிடு, இசையை நிறுத்திவிடுவார்கள். அனேலியின் கதையைச் சொல்வதானால் இனி முழுதாகச் சொல். எஸ்.எம்.எஸ். ஓட்டெல்லாம் இங்கிருந்து போட முடியாதாம், இந்தியா நம்பருக்கு மட்டும்தானாம். அதனால் எங்கள் ஓட்டை எதிர்பார்க்காதே. முதல் வாரத்திலேயே வெளியே அனுப்பினால் அனுப்பட்டும். வருத்தப்படு, அழு, பிறகு அடுத்த இடத்துக்குப் பாட்டு அனுப்பு. எனக்காக ஜெயிக்க வேண்டாம், எனக்குப் பயந்து பாதியில் திரும்பவும் வேண்டாம். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் வாய் எனக்கு இல்லை. டீ கேட்டால் போட்டுத் தருவேன்.

கடைசியாக ஒரு பி.ஆர்.ஓ. பேச்சு. ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் உன் விசா தானாகச் செத்துவிடும். அந்தத் தேதி எனக்குத் தெரியும், ஆனால் போன் போட்டு ஞாபகப்படுத்தமாட்டேன். பாடிக்கொண்டிருந்தாய் என்றால் சாகட்டும் விடு. மகள், தொழில் இல்லை, வேலை செய்ய அனுமதி இல்லை என்று முத்திரை குத்திய விசாதானே அது, நான்தான் குத்தி வாங்கினேன். எங்களைப் பார்க்க வரும்போது டைப்பிங் சென்டரில் நானே பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு விசிட் விசாவுக்கு ஃபாரம் அடிக்கச் சொல்வேன். அதில் தொழில் என்று ஒரு கட்டம் வரும். இத்தனை வருடத்தில் டிரைவர், சமையல்காரர், எலக்ட்ரீஷியன் என்று ஆயிரம் பேருக்கு அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். உனக்குப் பாடகி என்று அடிக்கச் சொல்வேன்.

உன் வாப்பா